ஏழு தண்ணி அலசிய துணி

கிழக்கு வெளுப்பதற்குள் மூன்று லாரி மண் கொட்டியாகிவிட்டது. மண் என்று சொல்வது வாய்ப் பழக்கம். எங்கோ மலையடிவாரத்தில் மூடிப்போன சுரங்கம் ஒன்று, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பிய சக்கை அது. இருபத்தைந்து வருஷம் மேடாகக் கிடந்து, மழைக்குக் கரைந்து, சுற்றுவட்டாரக் கிணற்றையெல்லாம் கெடுத்தது. அப்போது அதற்குச் சொந்தக்காரன் யாரென்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது அதற்கு யோகம் அடித்துவிட்டது. பேட்டரி ஸ்கூட்டருக்கும் செல்போனுக்கும் வேண்டிய அபூர்வ உலோகங்கள் அதற்குள் ஒளிந்திருக்கின்றனவாம். கொள்ளிடம் தாண்டி, டோல்கேட்டிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், வயலுக்கு நடுவே எழுந்த தகரக் கொட்டகைக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ராஜமரியாதையோடு வந்து இறங்குகிறது.

வீரமலை கம்பூட் காலோடு குழிக்குள் இறங்கி, மண்வெட்டியால் சக்கையை இழுத்து இழுத்துக் கலக்குத் தொட்டியின் வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. அந்தக் காலை நேரத்திலேயே சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடந்தது. தொட்டிக்குள் சூடான ஆசிட் நுரைத்தது. அதன் ஆவி மூக்கில் ஏறி, தொண்டையில் துருப்பிடித்த ஆணியை வைத்தாற்போல் நின்றது. அதற்கு மருந்தாக ஆளுக்கொரு அச்சு வெல்லத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். கம்பெனி கொடுத்த மாஸ்க் மூன்றாம் நாளே நைந்துபோனது. வெல்லம் அவரவர் வீட்டுச் செலவு.

தொட்டி தொட்டியாகத் தெளிந்து வருவது கடைசியில் ரங்கநாயகியின் கைக்கு வரும். கொட்டகையின் மேற்கு மூலையில், கலங்கலை அழுத்தி வடிகட்டுகிற ஒரு ஃபில்டர் பிரஸ். வரிசையாக இருபத்துநாலு தகடு, தகட்டுக்கு ஒரு கெட்டிப் பருத்தித் துணி. தண்ணீர் வடிந்ததும் திருகைக் கழற்றி, தகடுகளை ஒவ்வொன்றாக விலக்கி, துணியில் அப்பியிருக்கும் வெளிறிய ரோஸ் நிறப் பொடியை மரத்தகட்டால் வழித்தெடுப்பது அவள் வேலை. கொட்டகையில் அதற்கு ரோசாப்பொடி என்று பெயர். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. லாரி லாரியாகச் சேற்றை மிதித்தால் ஒரு பக்கெட் தேறும். அந்தப் பக்கெட்டை மட்டும் மேனேஜர் பிலோமின்ராஜ் தானே தூக்கிப்போய்ப் பூட்டுவார்.

ரங்கநாயகிக்கு நாற்பத்தொரு வயது. ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் வீடு. கணவர் இறந்த பிறகு தையல் மெஷினை வைத்துப் பிழைத்தவள், இங்கே துணி தைக்க ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டு வந்தவள். கிழிந்த வடிதுணியைத் தைத்து மாட்டுவதும் அவள்தான். மாதத்துக்கு ஒருமுறை துணி இற்றுப்போய்ப் புதிது மாற்றுவார்கள். பழையதைக் கொட்டகைக்குப் பின்னால் வீசுவார்கள். "குப்பைதானம்மா, வேணுன்னா எடுத்துட்டுப் போங்க" என்று பிலோமின்ராஜே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தத் துணியில்தான் கொட்டகைக்கென்று ஒரு வழக்கம் பிறந்தது. யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் பெண்கள் சேர்ந்து நல்லதாக ஒரு துணியைப் பொறுக்குவார்கள். ஏழு தண்ணி அலசுவார்கள். ஏழு என்று யார் கணக்கு வைத்தது, தெரியாது. ஏழு அலசினால் எதுவும் போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். வெயிலில் காயவைத்து, ரங்கநாயகி ஓரம் மடித்துத் தூளியாகத் தைத்துக் கொடுப்பாள். நைலக்ஸ் புடவை கட்டுகிற வீட்டில் தூளிக்குப் பருத்திப் புடவைக்கு எங்கே போவது? இது கெட்டித் துணி, வழுக்காது, கிழியாது. மூன்று வருஷத்தில் ஐந்து தூளி. ஐந்தாவது, கூட வேலை பார்க்கும் ஷரீபாவின் மகளுக்கு. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை என்பதால் ஓரத்தில் பச்சை நூலால் இலைக்கொடி பின்னிக் கொடுத்திருந்தாள். அதைப் பற்றி அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

போன திங்கட்கிழமை நேரம் பதிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பழைய வடிதுணிகள் இனி கம்பெனிச் சொத்து. ஒரு துண்டும் வெளியே போகக் கூடாது. மீறினால் திருட்டு வழக்கு. கேட்டில் பையைச் சோதிக்க ஒரு பெண் காவலாளியும் வந்துவிட்டாள்.

"கந்தத் துணிக்குக் காவலா?" என்று வீரமலை சிரித்தார்.

"கந்தல் இல்லண்ணே. கொல்லையில அடுப்பு கட்டியிருக்காங்க பாத்தீங்களா? துணிய எரிச்சு சாம்பல்லேர்ந்து பொடி எடுக்கப் போறாங்களாம்" என்றாள் ரங்கநாயகி.

"அப்ப இத்தன நாளும் துணிக்குள்ள பொடி இருந்துச்சா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ரங்கநாயகி கிளவுஸைக் கழற்றி, தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். கிளவுஸ் முடிகிற இடத்தில் வருஷக்கணக்காக ஆறாத வெடிப்பு. அப்புறம் வேலை வந்துவிட்டது, மறந்துவிட்டாள்.

ஷரீபா இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. பிள்ளைக்கு மூச்சிரைப்பு, பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று தகவல் வந்தது. புதன்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ரங்கநாயகி ஒரு பாக்கெட் பன்னும் நாலு ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

குழந்தைகள் வார்டில் ஷரீபாவின் ஐந்து மாத மகள் அஃப்ஷீன் குப்புறக் கிடந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் விலா உள்ளே போய் வெளியே வந்தது. முதுகில் புண். கண்ட இடத்தில் அல்ல. தோளிலிருந்து இடுப்பு வரை, துணி பட்டு உரசுகிற இடம் எதுவோ அந்த இடமெல்லாம், குறுக்கும் நெடுக்குமாய், நெய்த மாதிரி.

"கைய வச்சாலே கத்துறாக்கா" என்றாள் ஷரீபா. பாலக்கரையில் வீடு. கணவன் கியாசுதீன் குவைத்தில் ஏசி வேலை. போனில் அழுதானாம். "எல்லா மருந்தும் பாத்தாச்சு. ரெண்டு நாள் அடங்குது, திரும்ப வருது. நான் என்ன பாவம் பண்ணேன்னு தெரியல. அல்லாதான் பாக்கணும்."

ரங்கநாயகி குனிந்து பார்த்தாள். குழந்தைக்குக் கீழே விரித்திருந்த துணியின் ஓரத்தில் பச்சைக் கொடி தெரிந்தது.

"இத ஏண்டி இங்க கொண்டாந்த?"

"அது இல்லாட்டி தூங்க மாட்டா. அந்த வாசம் பழகிருச்சு."

அவள் அப்படிச் சொன்னதும் ரங்கநாயகி குழந்தையை ஒரு கையால் தூக்கி, மறு கையால் துணியை உருவினாள். விரலில் ஏதோ நறநறத்தது. ஏழு தண்ணி அலசிய துணி. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இழைக்கு இழை ரோஸ் நிறம்.

"ஷரீபா, இது என் கை பண்ண வேலைடி" என்றாள்.

ஷரீபாவுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் ரங்கநாயகிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நானும்தானக்கா அலசுனேன்" என்று சொல்லிவிட்டுத் துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வார்டு டாக்டரம்மா சின்ன வயசு. ரங்கநாயகி விஷயத்தைச் சொல்லிக் காட்டிய துணியை விரலால் தேய்த்து, விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதுல என்ன பொடி?"

"ரோசாப்பொடிம்பாங்க."

"அது நீங்க வச்ச பேரும்மா. உண்மையான பேரு வேணும். என்னன்னு தெரிஞ்சா இன்னிக்கே மருந்த மாத்தலாம். தெரியாம நான் இருட்டுல தடவிக்கிட்டிருக்கேன். கம்பெனில எழுதி வாங்கிட்டு வாங்க." ஒரு சீட்டில் நாலு வரி கேள்வி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "துணிய இங்க விட்டுட்டுப் போங்க. ஆய்வுக்கு அனுப்பறேன். லேட்டாகும், இருந்தாலும் அனுப்பணும்."

ரங்கநாயகியின் கண்முன் நோட்டீஸ் வந்து நின்றது. கம்பெனிச் சொத்து. திருட்டு வழக்கு. துணி இங்கே இருந்தால் அது எப்படி வெளியே வந்தது என்ற கேள்வி வரும். தைத்தது யார் என்று வரும். "நாளைக்குக் கொண்டாறேன் டாக்டர்" என்று சொல்லி, துணியை மடித்துத் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். ஷரீபா அதைப் பார்த்தாள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ரங்கநாயகிக்குத் தன் முகத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதலாளி ரஞ்சித் வந்தார். முப்பத்தைந்து வயது. வெளிநாட்டில் படித்தவர். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். கண்ணாடி அறையில் ஏசி ஓடியது. ரங்கநாயகி சீட்டை நீட்டினாள். படித்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"உட்காருங்க ரங்கநாயகி. நம்ம துணி எப்படி அந்தக் குழந்தைகிட்ட போச்சு?"

"வெளிய வீசுனது சார். மேனேஜர் சார்தான் எடுத்துக்கச் சொன்னாரு."

கதவருகே நின்ற பிலோமின்ராஜ் தரையைப் பார்த்தார். "நான் அப்படிச் சொன்ன ஞாபகம் இல்ல சார்" என்றார்.

"நோட்டீஸ் படிச்சீங்களா?" என்றார் ரஞ்சித்.

"அது திங்கக்கிழமை ஒட்டுனது. துணி அஞ்சு மாசத்துக்கு முன்னாடி போனது. அது போவட்டும் சார். அதுல இருக்கறது என்னன்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்க. புள்ள மூச்சு விட முடியாம கெடக்கு."

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நாம எதை எப்படிப் பிரிக்கிறோங்கறதுதான் இந்தக் கம்பெனியே. அதை வெளியில எழுதிக் கொடுத்தா நாளைக்கே பத்துப் பேர் ஆரம்பிப்பாங்க. அப்புறம் உங்க எழுபது பேருக்கும் வேலை இருக்காது."

"எப்படிப் பிரிக்கிறீங்கன்னு கேக்கல சார். என்னன்னு கேக்கறேன்."

ரஞ்சித் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். அப்புறம் டிராயரிலிருந்து டைப் அடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். நோட்டீஸ் ஒட்டிய அன்றே டைப் அடித்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

"நான் கெட்டவன் இல்லம்மா. அனுமதியில்லாம துணிய எடுத்துட்டுப் போனேன்னு இதுல ஒரு கையெழுத்து. நாளைக்குக் காலையில துணி என் கைக்கு வரணும், அது அடுப்புக்குப் போயிடும். போலீஸ் இல்ல, கேஸ் இல்ல. உங்க வேலையும் இருக்கும். குழந்தைக்கு என்னால ஆன உதவியும் செய்யறேன்."

"அடுப்புக்குப் போயிட்டா டாக்டருக்கு என்னத்தக் காட்டறது?"

"நாளைக்குக் காலையில" என்றார் ரஞ்சித். கவிழ்த்து வைத்த சீட்டைத் திருப்பித் தரவில்லை.

சாயந்தரம் வேனுக்குள் ஒருவரும் பேசவில்லை. விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கொள்ளிடம் பாலத்தில் வேன் ஏறியபோது வீரமலை முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"நீ ஏன் தங்கச்சி வாயக் குடுத்த? இனிமே வீடு வீடா வந்து துணி தேடுவான். என் மவ வீட்லயும் அதே தூளிதான் கட்டியிருக்கு. என் பேரன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பேரனைப் பற்றி அதுவரை யோசிக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பேருந்தும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. வெகு நேரம் கழித்து, "அவனுக்கும் முதுகுல தடிப்பு இருக்கு. வேர்க்குருன்னு பவுடர் போட்டுட்டிருந்தோம்" என்றார்.

 யாரிடம் போய் முறையிடுவது? எழுபது பேரில் ஒருவருக்கும் வேலை உத்தரவு என்று ஒரு காகிதம் கிடையாது. கான்ட்ராக்டர் பெயர் ஒன்று, சம்பளம் போடுகிற பெயர் வேறொன்று. நாளைக்கு வராதே என்றால் முடிந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் வெயிலில் மின்னியது. ரங்கநாயகி கும்பிடக் கையெடுத்தாள், பாதியில் மடியில் போட்டுக்கொண்டாள். பெருமாளிடம் என்னவென்று கேட்பது? தான் செய்ததைச் சொல்லவே நா எழவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கினாள், இறங்கவில்லை. துணியைச் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். கொடுத்துவிட்டு வருவதென்றுதான் முடிவு செய்தாள். கையெழுத்தையும் போட்டுவிட வேண்டியதுதான். வேறு வழி எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவள் இருந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை வேன் கேட்டில் நின்றபோது ஷரீபா அங்கே காத்திருந்தாள். பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"ராத்திரி ஆக்ஸிஜன் வச்சாங்கக்கா. டாக்டரம்மா துணி எங்கன்னு கேட்டாங்க."

ரங்கநாயகி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கேட்டுக்கு உள்ளே ரஞ்சித் காருக்குப் பக்கத்தில் நின்றார். வழக்கமாக அந்த நேரத்துக்கு வருகிறவர் இல்லை. கையில் டைப் அடித்த காகிதம்.

"கொண்டு வந்தீங்களா?"

ரங்கநாயகி துணியை வெளியே எடுத்தாள். விரித்த துணியில் பச்சைக் கொடியும், நடுவில் புண் நீர் பட்டுக் காய்ந்த கறையும் எல்லோர் கண்ணிலும் பட்டன. சக்கை சுமக்கிற பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ரஞ்சித் கையை நீட்டினார்.

அவளும் கொடுக்கத்தான் கை நீட்டினாள்.  ஷரீபாவின் பார்வை துணியோடு கூடவே போனது. ஆஸ்பத்திரியில் அது பைக்குள் போனபோது பார்த்த அதே பார்வை. ரங்கநாயகியின் கை நின்றுவிட்டது. அதற்கு மேல் அது போகவில்லை, அவ்வளவுதான்.

இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். வடிதுணி வெட்டுகிற கத்தரி, எப்போதும் அவளிடம் இருப்பது. கறை பட்ட இடத்தில் ஒரு சாண் அளவுக்கு நறுக்கென்று வெட்டினாள்.

"இந்தா ஷரீபா. இத டாக்டரம்மாகிட்ட குடு. நேத்து பயந்துட்டேன்னு சொல்லு."

"என்ன பண்றீங்க நீங்க? அது கம்பெனி சொத்து!" ரஞ்சித்தின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "இவங்க மேல கம்ப்ளெயின்ட் எழுதுங்க பிலோமின்ராஜ்."

பிலோமின்ராஜ் நகரவில்லை.

கூட்டத்திலிருந்து வீரமலை முன்னால் வந்தார். சாப்பாட்டு வாளியின் மூடியைத் திறந்தார். உள்ளே சோறு இல்லை. மடித்த துணி ஒன்று இருந்தது.

"நானும் எடுத்தேன் சார். என் பேரையும் எழுதிக்கச் சொல்லுங்க. வீ-ர-ம-லை. நேத்து சாயந்தரமே மவ வீட்டுக்குப் போயி அவுத்துட்டு வந்துட்டேன்."

அவர் மட்டும் அல்ல. வேனில் யாரும் பேசவில்லையே தவிர, வீட்டுக்குப் போய் எல்லோரும் தேடியிருக்கிறார்கள். ஒருத்தி இன்னொரு தூளியை எடுத்தாள். இன்னொருத்தி தலையணை உறை. ஒருவன் ஜன்னலுக்குக் கட்டிய திரை. சுராயா என்ற பெண் முந்தானைக்குள்ளிருந்து, வடிதுணியில் தைத்த தொழுகை விரிப்பு ஒன்றை எடுத்தாள். நெற்றி படுகிற இடத்தில் ரோஸ் நிறமாய்த் தேய்ந்திருந்தது.

"மேனேஜர் சார் வண்டி தொடைக்கிறதும் இந்தத் துணிதான். அவர் பேரும் வரணும்ல?" என்றார் வீரமலை. இரண்டொருவர் சிரித்தார்கள். பிலோமின்ராஜ் மட்டும் தன் ஸ்கூட்டரையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேலைக்குப் போங்க. பேசிக்கலாம்" என்றார் ரஞ்சித்.

"ஒண்ணும் பெருசாக் கேக்கல சார்" என்றாள் ரங்கநாயகி. "நாங்க மிதிக்கிறது என்ன, வழிக்கிறது என்ன, எங்க புள்ளைங்க மேல ஒட்டியிருக்கறது என்ன. பேர எழுதிக் குடுங்க. அது வரைக்கும் தொட்டிகிட்ட யாரும் போகல."

"உங்க எல்லாருக்கும் பதிலா நாளைக்கே வேற ஆள் வருவாங்க. தெரியும்ல?"

தெரியும். அது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயம் ஒவ்வொரு முகத்திலும் அப்படியே இருந்தது, ஒன்றும் குறையவில்லை. ஆனால் யாரும் உள்ளே போகவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்கள். ஆறு மணிச் சங்கு ஊதவில்லை. அதை ஊதுவது பிலோமின்ராஜின் வேலை. ரஞ்சித் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கூப்பிடுவது போலீசைத்தான் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. அன்றைக்கான நாலாவது லாரி வந்து, வழி இல்லாமல், சக்கையைச் சுமந்துகொண்டு ரோட்டோரம் நின்றது.

"எட்டு மணிக்கு டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வருவாங்க. நான் கெளம்பறேன்க்கா. புள்ள..." என்றாள் ஷரீபா.

"இருடி. ஒரே துணிய வச்சு அவங்க என்ன கண்டுபிடிப்பாங்க? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாசம் வடிச்சது." ரங்கநாயகி தன் டிபன் பாக்ஸைத் திறந்து, இருந்த புளிச்சோற்றை வீரமலையின் காலி வாளியில் கொட்டிவிட்டு, டப்பாவைத் துடைத்தாள். வெட்டிய முதல் துண்டை ஷரீபாவிடமிருந்து வாங்கி அதில் வைத்தாள். வீரமலையின் துணியில் ஒரு சாண் வெட்டி, அவர் பேரன் பெயரைக் கேட்டு, துண்டின் மூலையில் பேனாவால் எழுதினாள். தைக்கும்போது தவறாத கை வெட்டும்போது கோணிக் கோணிப் போனது.

தூரத்தில் ஒரு ஜீப் வரும் சத்தம் கேட்டது. சிலர் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

"அடுத்தது யாருது?" என்று கேட்டு ரங்கநாயகி கையை நீட்டினாள். சுராயா தொழுகை விரிப்பை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவள் கையில் கொடுத்தாள்.